‘சிலந்திக் கடி’ என்ற பெயருக்குள் ஒளிந்திருக்கும் கட்டுவிரியனும் உண்ணிக் காய்ச்சலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை பிடித்துவிட்டால் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரே மாதிரியான ஓர் உரையாடலைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். ஒருவர் தொடையிலோ அக்குளிலோ ஒரு காயத்தைக் காட்டி, "சிலந்தி கடிச்சிருச்சுங்க" என்பார். "சிலந்தியைப் பாத்தீங்களா?" என்று கேட்டால், "எங்கங்க பாத்தேன்? தூங்கறப்ப கடிச்சிருக்கும்" என்பார். கண்ணில் படாத அந்தச் சிலந்தியின் மேல் பழியைப் போட்டுவிட்டு, கட்டுவிரியன், உண்ணிக் காய்ச்சல், அக்கி, சர்க்கரைப் புண் என்று வேறு எத்தனையோ தப்பித்துக்கொள்கின்றன. சிலந்திக் கடியால் நம் பகுதியில் உயிர் போவது மிக மிக அரிது. ஆனால் ‘சிலந்திதான்’ என்று முடிவு கட்டியதால் வீணாகும் நேரத்தில் உயிர் போகும். அதை விவரமாக எழுதத்தான் இந்தக் கடிதம். சற்று நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குழப்பத்தில் நம் மொழிக்கும் பங்குண்டு. தமிழில் சிலந்தி என்ற சொல் எட்டுக்கால் பூச்சியை மட்டும் குறித்ததில்லை. கட்டி, புண் இவற்றையும் அந்தப் பெயரால் சொல்லி வந்திருக்கிறோம். காலில் புழு வெளியேறும் கினி புழு நோய்க்கு ‘நரம்புச் சிலந்தி’ என்று பெயர். அந்த நோய்க்கும் சிலந்திக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வடிகட்டாத குளத்துத் தண்ணீரைக் குடித்ததால் வந்தது அது. இந்தியா அதிலிருந்து விடுபட்டதாக 2000ஆம் ஆண்டில் சான்று கிடைத்தது. நோய் ஒழிந்தது, சொல் நிற்கிறது. கட்டிக்குப் பற்றுப்போடும் ஒரு செடிக்கே சிலந்தி நாயகம் என்று பெயர். எனவே பாட்டி "சிலந்தி வந்திருக்கு" என்றால் புண்ணைச் சொல்கிறார். பேரன் அதைச் ‘சிலந்தி கடித்துவிட்டது’ என்று எடுத்துக்கொள்கிறான்.

முதலில் கட்டுவிரியனைப் பற்றி. நம் ஊர்களில் கோடையிலும் மழையிலும் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் அதிகம். கட்டுவிரியன் இரவில் இரை தேடும் பாம்பு. எலியையும் பிற பாம்புகளையும் தேடி வீட்டுக்குள் வரும். படுத்திருப்பவர் புரண்டு படுக்கும்போது கடித்துவிடும். அதன் பல் சிறியது. கடித்த இடத்தில் வீக்கம் இருக்காது, வலியும் பெரும்பாலும் இருக்காது, ரத்தம் வராது. சில நேரம் தடமே தெரியாது. எறும்பு கடித்தது போல இருந்தது என்று சொல்லி மறுபடி படுத்துவிடுவார்கள். சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் விடியற்காலையில், வயிற்று வலி வரும், வாந்தி வரும். பிறகு கண் இமை தானாக இறங்கும். பொருள் இரண்டிரண்டாகத் தெரியும், எச்சில் விழுங்க முடியாது, குரல் குழறும், கடைசியில் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். வயிற்று வலி என்று சோடா குடித்துக்கொண்டும், ‘பூச்சிக் கடி’ என்று சுண்ணாம்பு தடவிக்கொண்டும் கழிக்கிற அந்த மூன்று நான்கு மணி நேரம்தான் உயிரின் விலை.

எனவே தரையில் படுத்திருந்தவரை இரவில் ஏதோ கடித்தது, கடித்தது என்னவென்று கண்ணால் பார்க்கவில்லை என்றால், அது பாம்பு இல்லை என்று உறுதியாகும் வரை பாம்புக்கடியாகவே எண்ண வேண்டும். மருத்துவமனையில் 24 மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பாம்புக்கடி சந்தேகம் என்றால் ரத்தக் குழாயிலிருந்து இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்து உறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடியில் ரத்தம் உறையாது. கட்டுவிரியன் விஷமோ நரம்பைத் தாக்குவது. அதனால் ரத்தம் ஒழுங்காகவே உறையும். "டெஸ்ட் நார்மல்னு சொல்லிட்டாங்க, கிளம்பலாம்" என்று உறவினர்கள் நோயாளியை அழைத்துக்கொண்டு போவது பெரிய பிழை. இமை இறங்குகிறதா, கழுத்தைத் தூக்க முடிகிறதா, ஒரே மூச்சில் எத்தனை எண் வரை சொல்ல முடிகிறது என்று மணிக்கொரு முறை பார்ப்பதுதான் இங்கே சோதனை. அறிகுறி தெரிந்துவிட்டால் பாம்பு விஷமுறி மருந்தை முதலில் 10 குப்பி ஏற்றுவார்கள், தேவைப்பட்டால் செயற்கை சுவாசம் கொடுப்பார்கள். கண்ணும் திறக்காமல் விரலும் அசைக்காமல் கிடப்பவர் சுற்றிலும் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடும். செயற்கை சுவாசத்தில் சில நாள் வைத்திருந்தால் எழுந்து உட்காருவார். அதனால் ‘முடிஞ்சுபோச்சு’ என்று வீட்டார் அவசரப்பட்டு முடிவெடுக்கக் கூடாது.

பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாகத் தமிழக அரசு 2024 நவம்பரில் அறிவித்தது. ஆனால் சீட்டில் ‘பூச்சிக் கடி’ என்று எழுதி அனுப்பிவிட்டால் அந்தக் கணக்கில் அது வராது. நம் மாவட்டங்களின் உண்மையான கணக்கு சரியாகக் கிடைக்க வேண்டுமென்றால் அந்தச் சொல்லிலிருந்தே தொடங்க வேண்டும்.

இரண்டாவது, உண்ணிக் காய்ச்சல். ஸ்க்ரப் டைபஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். புதரிலும் புல்லிலும் இருக்கும் ஒருவகை நுண்ணுண்ணியின் குஞ்சு கடிப்பதால் ஓரியன்ஷியா சுசுகாமுஷி என்ற பாக்டீரியா உடலுக்குள் போகிறது. அந்தக் குஞ்சு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கடித்தது தெரியாது, அரிக்காது, வலிக்காது. அந்த இடம் மெல்லச் சிவந்து, நடுவில் கருகி, சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்காக மாறும். சுற்றிலும் சிவப்பு வளையம் இருக்கும். அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் அடி, இடுப்பில் பாவாடை நாடாவோ அரைஞாணோ அழுத்தும் இடம் என்று துணி மறைக்கும் இடங்களாகப் பார்த்து வரும். பார்த்தவர்கள் உடனே சொல்வது, "இது சிலந்திக் கடிதான்". படங்களில் பார்த்த சிலந்திப் புண்ணும் கறுப்பாகத்தானே இருக்கிறது!

கடித்து 6 முதல் 21 நாளுக்குள், பெரும்பாலும் பத்து நாளை ஒட்டி, குளிரும் கடும் தலைவலியுமாகக் காய்ச்சல் வரும். பொருக்குக்குப் பக்கத்தில் நெறி கட்டும். பாராசிட்டமால் போட்டால் இறங்கி மறுபடி ஏறும். கடையில் வாங்கிச் சாப்பிடும் அமாக்சிசிலின், ஊசியாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன் இவை இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. கிருமி நம் செல்லுக்குள்ளேயே குடியிருப்பதும் அதன் உறை வேறு வகையானதும் காரணம். இரண்டாவது வாரத்தில் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பரவிவிட்டால் தீவிர சிகிச்சைப் பிரிவுதான். இத்தனைக்கும் இதற்கு மருந்து விலை குறைந்த டாக்சிசைக்ளின் மாத்திரை. பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம் வீதம் காலை, மாலை என ஏழு நாள் கொடுப்பது வழக்கம். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்கள். சரியான மருந்து உள்ளே போன 48 மணி நேரத்தில் காய்ச்சல் பெரும்பாலும் இறங்கிவிடும். ஆடு மேய்ப்பவர்கள், தீவனப்புல் அறுப்பவர்கள், வத்தல்மலை, சித்தேரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் விறகுக்கும் கடுக்காய்க்கும் காட்டுக்குள் போகிறவர்கள் காய்ச்சல் வந்தால் உடம்பு முழுக்கத் தேடிப் பார்க்க வேண்டும். பெண்கள் கூச்சத்தால் மருத்துவரிடம் காட்டாமல் விடும் இடத்தில்தான் பொருக்கு இருக்கிறது. செவிலியரிடமாவது சொல்லுங்கள். "இடுப்புல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கு" என்ற ஒரு வாக்கியம் இரண்டு நாள் ரத்தப் பரிசோதனைக் காத்திருப்பை மிச்சப்படுத்தும்.

மூன்றாவதாக, உயிரை எடுக்காது, ஆனால் சிலந்தியின் பெயரை அதிகம் கெடுப்பது, ‘பூச்சி எச்சில்’ என்று நாம் சொல்லும் எரிச்சல் தழும்பு. இதற்குக் காரணம் பெடரஸ் என்ற சின்ன வண்டு. எறும்பு போல நீண்டு, ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி, 7 முதல் 10 மில்லிமீட்டர் இருக்கும். அறுவடைக்குப் பின்னும் மழைக்குப் பின்னும் டியூப்லைட்டைத் தேடி வரும். அது கடிக்காது, கொட்டாது. கழுத்தில் ஊர்வதை நாம் தட்டி நசுக்கும்போது அதன் உடலிலிருக்கும் பெடரின் என்ற நஞ்சு தோலில் தீட்டப்படுகிறது. அதனால்தான் மறுநாளோ அதற்கடுத்த நாளோ வரும் தழும்பு கோடு போட்டது போல நீளமாக இருக்கிறது. முழங்கை மடிப்பில் பட்டால் மேலும் கீழும் அச்சு எடுத்தது போல இரண்டு தழும்பு வரும். ஊர்கிற வண்டை ஊதித் தள்ளுங்கள். நசுக்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழுவாத கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். பத்து நாளில் ஆறிவிடும், கறுப்புக் கறை கொஞ்ச நாள் நிற்கும்.

அக்கியும் இதில் சேர்த்தி. உடலின் ஒரு பக்கத்தில் மட்டும், நடுக்கோட்டைத் தாண்டாமல், பட்டையாகக் கொப்புளம் வந்து, அது வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அந்த இடம் எரிந்திருந்தால் அது அக்கி. கன்னடம் பேசும் ஓசூர், தளிப் பக்கத்தில் சர்ப்பசுத்து என்பார்கள். சின்னம்மை வைரஸ் நரம்பில் உறங்கிக் கிடந்து மறுபடி எழுவது. காவி எழுதிக்கொள்வது நம்பிக்கை. எழுதிக்கொண்டாலும் கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்தைத் தொடங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு நரம்பு வலி மாதக்கணக்கில் நிற்கும். ஒரே வரிசையில் மூன்று நான்கு தடிப்பு என்றால் மூட்டைப்பூச்சி. சீழ் வைத்துப் பெரிதாகிக்கொண்டே போனால் பாக்டீரியாக் கட்டி. அப்படியானால் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேளைப் பற்றிக் கொஞ்சம். கல்குவாரியும் கல் அடுக்கிய வரப்பும் நிறைந்த நம் பகுதியில் செந்தேளிடம்தான் அதிகம் கவனம் வேண்டும். கொட்டு வாங்கிய குழந்தைக்கு உடம்பு முழுக்க வியர்த்து, கை கால் சில்லிட்டு, வாந்தி வந்தால் அது இதயத்தைத் தாக்கும் விஷம். மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் 1980களில் பிரசோசின் மாத்திரையால் இந்த மரணங்களைப் பெருமளவு குறைத்துக் காட்டினார். நேரத்தோடு கொடுத்தால்தான் அது வேலை செய்யும்.

இப்போது நிஜமான சிலந்திக்கு வருவோம். உலகில் பெயரிடப்பட்ட சிலந்தி இனங்கள் 2022ல் ஐம்பதாயிரத்தைத் தாண்டின. ஒன்றிரண்டு குடும்பங்களைத் தவிர எல்லாச் சிலந்திக்கும் விஷம் உண்டு என்பது உண்மை. அது பூச்சியை மயக்க. பெரும்பாலானவற்றின் பல் நம் தோலில் இறங்காது. கொசுவைப் போலவோ மூட்டைப்பூச்சியைப் போலவோ சிலந்தி மனித ரத்தம் குடிப்பதில்லை. படுத்திருப்பவரைத் தேடி வந்து கடிக்க அதற்கு ஒரு காரணமும் இல்லை. சட்டைக்குள், செருப்புக்குள், விறகுக்கட்டுக்குள் மாட்டி அழுந்தும்போதுதான் கடிக்கும். கடித்தால் அந்த நொடியே சுருக்கென்று தெரியும். ஆஸ்திரேலியாவில் கடித்த சிலந்தியையும் பிடித்துக் கொண்டுவந்து நிபுணர் அடையாளம் கண்ட 750 கடிகளை மட்டும் தொடர்ந்து பார்த்து, 2002ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குறிப்பிடத்தக்க பாதிப்பு வந்தவர்கள் 44 பேர். அதில் 37 பேரைக் கடித்தது ரெட்பேக் என்ற ஒரே வகை. சதை அழுகும் புண் ஒருவருக்கும் வரவில்லை. கொடிய சிலந்திகளுக்குப் பேர்போன நாட்டிலேயே இதுதான் நிலை.

நம் வீட்டுச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையாக ஒட்டி நிற்கும் பழுப்புச் சிலந்தி, வயிற்றுக்கடியில் வெள்ளைக் காசு போல முட்டைப்பையைச் சுமந்து திரிவது, வலை பின்னாது. அது கரப்பான் வேட்டைக்காரன். விரட்டினால் ஓடும், பிடித்து அழுத்தினால் கடிக்கும், வலி சில மணி நேரத்தில் போய்விடும். உத்தரத்தில் நூல் கால்களோடு தலைகீழாகத் தொங்கி, தொட்டால் ஆடும் சிலந்தியால் ஆபத்தே இல்லை. ஜன்னலில் குதித்துக் குதித்து ஈ பிடிக்கும் சிலந்தியாலும் இல்லை. வேலிக் கருவேலில் அழுக்குப் பஞ்சு மூட்டை போலத் தெரியும் கூட்டு வலைக்குள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து வாழும் சிலந்திகள் கிருஷ்ணகிரியை ஒட்டிய குப்பம் பக்கம் ஆராய்ச்சியாளர்கள் தேடி வந்து படிக்கும் அளவுக்கு அபூர்வமானவை. அதைக் கொளுத்துவதால் ஒரு பயனும் இல்லை.

மதிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய புளியமரப் பொந்திலும் உரிந்த பட்டைக்குள்ளும் வாழும் பெரிய மயிர்ச் சிலந்தி. காலை விரித்தால் விரித்த கை அளவு இருக்கும். 1899ல் போகாக் என்ற ஆய்வாளர் பெயரிட்ட பொயசிலோதீரியா ஃபார்மோசா இந்த வகை. அன்றைய சேலம் மாவட்டத்தில் கிடைத்தது. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அன்று சேலத்துக்குள்தான் இருந்தன. இந்தப் பேரினச் சிலந்திகள் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. வெளிநாட்டுச் செல்லப்பிராணிச் சந்தைக்குக் கடத்தப்படுவதால் 2019 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. இது கடித்தால் உயிர் போகாது. ஆனால் வலி கடுமையாக இருக்கும், வீங்கும். பல மணி நேரம் கழித்து, கடித்த இடத்தைத் தாண்டி மற்ற தசைகளும் இழுத்துப் பிடிக்கும். அந்தப் பிடிப்பு நாள்கணக்கில் விட்டு விட்டு வரக் கூடும். எனவே புளி உலுக்க ஏறுபவர்கள் பொந்துக்குள் கையை விடுவதற்கு முன் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மயிரைக் கண்டு பயப்பட வேண்டாம். காலால் உதறி மயிரை எறிந்து அரிப்பு உண்டாக்கும் பழக்கம் அமெரிக்கக் கண்டத்து வகைகளுக்குத்தான், இவற்றுக்கு இல்லை.

பிளாக் விடோ என்ற சிலந்தி வகையும் இந்தியாவில் உண்டு. அது கடித்தால் முதலில் குண்டூசி குத்தியது போலத்தான் இருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் வலி கையிலிருந்து மார்புக்கோ, காலிலிருந்து வயிற்றுக்கோ ஏறும். கடித்த இடத்தில் மட்டும் வியர்வை முத்து முத்தாக நிற்கும். வயிறு பலகை போல இறுகும், ரத்த அழுத்தம் ஏறும். வலி மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கண்காணிப்பும்தான் சிகிச்சை. பாம்பு விஷமுறி மருந்து நான்கு பாம்புகளின் விஷத்துக்கு எதிராகக் குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. சிலந்திக் கடிக்கு அது துளியும் உதவாது, ஒவ்வாமைதான் மிஞ்சும். "ஏன் அந்த ஊசி போடல?" என்று மருத்துவரிடம் சண்டை பிடிக்க வேண்டாம்.

சிலந்தி கடித்தது உறுதி என்றால் செய்ய வேண்டியது இது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். மோதிரம், வளையல், மெட்டி, கறுப்புக் கயிறு எல்லாவற்றையும் வீக்கம் வருவதற்கு முன் கழற்றிவிடுங்கள். ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்து, பத்து நிமிடம் எடுத்து, மறுபடி வையுங்கள். ஐஸை நேராகத் தோலில் வைத்தால் தோல் வெந்தது போலாகிவிடும். கடிபட்ட கையை உயர்த்தி வையுங்கள். சிவந்த எல்லையைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுப் பக்கத்தில் மணி எழுதுங்கள். கோட்டைத் தாண்டி வேகமாகப் பரவுகிறதா என்று மருத்துவர் அதை வைத்துத்தான் சொல்வார். வலிக்குப் பாராசிட்டமால் போதும். டி.டி. ஊசி போட்டு ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். முகம், உதடு வீங்குவது, மூச்சு இழுப்பது, உடம்பு முழுக்கத் தடிப்பு, தலைசுற்றல், தசை இழுப்பு, சிறுநீர் கறுத்துப் போவது, இவற்றில் எது வந்தாலும் 108ஐ அழையுங்கள். குழந்தை, கர்ப்பிணி, முதியவர் என்றால் அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம். சிலந்தி கிடைத்தால் நசுங்கியிருந்தாலும் டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள், அல்லது பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்துப் படமெடுங்கள். கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, சூடு போடுவது, சுண்ணாம்பு, புகையிலை, மண்ணெண்ணெய் எல்லாம் புதுக் காயத்தை உண்டாக்கும். கடித்தது ஒன்று, சீழ் பிடித்தது அதன் மேல் தடவியதால் என்ற நிலைதான் மிச்சம்.

அசாமின் சாதியாவில் 2012 மே மாதம் நடந்ததை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய மயிர்ச் சிலந்திகள் ஊருக்குள் படையெடுத்ததாகப் பேச்சு பரவியது, இருவர் இறந்ததாகச் செய்தி வந்தது. அவர்கள் முதலில் போனது மந்திரவாதியிடம். அங்கே பிளேடால் கீறி ரத்தம் வெளியேற்றியிருக்கிறார்கள். பிரேதப் பரிசோதனை இல்லாமலேயே உடல்கள் எரியூட்டப்பட்டன. சிலந்தியின் விஷமா, பிளேடா, வேறு நோயா என்று இன்றுவரை சொல்ல வழியில்லை. ஆனால் ‘கொலைகாரச் சிலந்தி’ என்ற தலைப்பு உலகம் முழுக்கப் போய்விட்டது.

பயத்தைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் அதுவும் உண்மையான வேதனை. சிலந்தியைக் கண்டால் கொஞ்சம் அருவருப்பு எல்லோருக்கும் உண்டு. குளியலறையில் சிலந்தி இருப்பதால் குளிக்காமல் பள்ளிக்குப் போவது, வண்டி ஓட்டும்போது ஹெல்மெட்டில் சிலந்தி என்று கைப்பிடியை விட்டுவிடுவது, இவை சிகிச்சை வேண்டிய அச்சம். மேலைநாட்டுக் கணக்கெடுப்புகளில் நூறு பேரில் மூன்று முதல் ஆறு பேருக்கு இது இருக்கிறது. அறிவுரையால் இது போகாது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஒரே வீட்டில் ஆறு மாதத்தில் 2,055 விஷச் சிலந்திகளைப் பிடித்திருக்கிறார்கள், அங்கு குடியிருந்த நான்கு பேரில் ஒருவருக்கும் கடி இல்லை. இதைச் சொன்னால் பயப்படாதவர் வியப்பார். பயப்படுகிறவர் அன்றிரவு தூங்க மாட்டார்.

இந்த அச்சத்தைப் போக்கும் வழி படிப்படியாகப் பழகுவது. பயப்படும் சூழ்நிலைகளை எழுதி ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுங்கள். கோட்டுப் படம், நிஜப் படம், நகரும் வீடியோ, சிலந்தி உரித்துப்போட்ட சட்டை, மூன்று மீட்டர் தொலைவில் மூடிய பாட்டிலுக்குள் சிலந்தி, ஒரு மீட்டர், மடியில் பாட்டில், திறந்த பாட்டில், கடைசியில் தானே டம்ளரால் மூடிப் பிடிப்பது என்று ஏணி போல வரும். முப்பது மதிப்பெண் உள்ள படியில் தொடங்குங்கள். நெஞ்சு படபடக்கும்போது விலகாமல், மதிப்பெண் பாதியாக இறங்கும் வரை அங்கேயே நில்லுங்கள். இருபது முதல் நாற்பது நிமிடம் பிடிக்கலாம். உச்சத்தில் எழுந்து ஓடினால், ஓடியதால்தான் தப்பித்தோம் என்று மூளை கற்றுக்கொள்ளும், பயம் வலுக்கும். பெரும்பாலும் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். கண்ணை மூடிக்கொண்டு நிற்பதும் கணக்கில் வராது. ஒரு படியைத் தாவக் கூடாது. விளையாட்டுக்கு என்று அண்ணன் தம்பிகள் சிலந்தியைத் தூக்கி மேலே போடுவது மாதக்கணக்கான முயற்சியை ஒரு நொடியில் அழிக்கும். பெற்றோர் இதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ் யோரன் ஓஸ்ட், பயிற்சி பெற்றவர் உடனிருந்தால் அதிகபட்சம் மூன்று மணி நேரம் நீளும் ஒரே அமர்விலேயே இது முடியும் என்று 1989ல் எழுதினார். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களிடம் கேட்கலாம். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ல் தமிழிலேயே பேசலாம்.

டம்ளரால் பிடிப்பது எளிது. வாய் அகன்ற, உள்ளே தெரியும் டம்ளரைச் சிலந்தியின் மேல் கவிழ்த்து, கல்யாணப் பத்திரிகை அட்டையைச் சுவருக்கும் டம்ளருக்கும் நடுவே மெல்ல நுழைத்து, கால்கள் அட்டை மேல் ஏறியதும் மூடித் தூக்கி வெளியே விட்டுவிடலாம். வேகமாக நுழைத்தால் கால் நசுங்கும்.

பூச்சி ஸ்ப்ரே சிலந்திக்குச் சரியான ஆயுதம் அல்ல. கால் நுனியில் நடப்பதால் சுவரில் காய்ந்த மருந்து அதன் உடம்பில் அதிகம் ஒட்டாது. நேராக அடித்தால் அரை மயக்கத்தில் தாறுமாறாக ஓடி நம் மேலேயே விழும். இன்னொரு நஷ்டம் பட்டுப்புழு வளர்ப்போருக்கு. அந்த மருந்தின் சாரல் புழு வளர்க்கும் மனைக்குள்ளோ மல்பெரி இலையிலோ பட்டால் போதும், புழு சுருண்டுவிடும். புழுமனையில் ஒட்டடைக் கம்பும் கிருமிநீக்கமும்தான் வழி. மூலையில் சாத்தி வைத்த, புழு கூடு கட்டும் மூங்கில் தட்டான சந்திரிகையை அடுத்த தொகுதிக்கு எடுப்பதற்கு முன் வெயிலில் போட்டுத் தட்டுங்கள். குவாரியிலும் விறகுக் குவியலிலும் தோல் கையுறை போடுங்கள். தக்காளி கிரேட்டின் அடியில் விரலை வளைத்துத் தூக்குவதற்கு முன் ஒரு தட்டு தட்டுங்கள். கொடியில் இரவு முழுக்க விட்ட சட்டையை உதறிப் போடுங்கள். வாசல் விளக்கை இரவு முழுக்க எரியவிட்டால் பூச்சி வரும், பூச்சிக்குப் பின்னால் சிலந்தி வரும். தரையில் படுப்பவர்கள் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கடியில் செருகிக்கொண்டால் கட்டுவிரியனுக்கும் அது காப்பு. மாந்தோப்பிலும் நெல்வயலிலும் இருக்கும் சிலந்திகள் தத்துப்பூச்சியைத் தின்பவை. பூ எடுக்கும் நேரத்தில் தேவையில்லாமல் மருந்தடிப்பதில் முதலில் சாவது அவைதான்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். ‘விஷச் சிலந்தி கடித்துப் பலி’ என்று செய்தி வரும்போது நிருபர்கள் மூன்று கேள்வி கேட்டுவிட்டு எழுதட்டும். சிலந்தியைப் பார்த்தவர் யார்? பிடித்து அடையாளம் கண்டார்களா? பிரேதப் பரிசோதனை என்ன சொல்கிறது? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் ‘அடையாளம் தெரியாத கடி’ என்று எழுதுங்கள். இணையத்தில் கிடைக்கும் தென்னமெரிக்கச் சிலந்தியின் படத்தைப் போட வேண்டாம்.

சுகாதாரத் துறைக்கும் ஒன்று. ஒவ்வொரு துணை சுகாதார நிலையச் சுவரிலும், ரேஷன் கடையிலும், பால் சொசைட்டியிலும் நான்கு வரி அறிவிப்பு போதும். இரவில் தரையில் படுத்தபோது கடித்ததா, உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். காய்ச்சலோடு கறுப்புப் பொருக்கா, மறைக்காமல் காட்டுங்கள். கொட்டியபின் வியர்த்துக் கை கால் சில்லிடுகிறதா, 108. சிலந்தியைக் கண்ணால் பார்த்தீர்களா, பிடித்துக்கொண்டு வாருங்கள். ஓசூர், தளி, கெலமங்கலம், வேப்பனப்பள்ளிப் பக்கம் இதையே தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுத வேண்டும். அங்கே பல வீடுகளில் சிலந்தி என்றால் புரியாது. சாலெபுருகு என்றோ ஜேட என்றோ சொன்னால்தான் தெரியும். ஐப்பசி மழைக்கு முன் ஒட்டிவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.